பழைய டிராவலர் வண்டியை, உள்ளேயே தங்கித் தூங்கும் கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறேன். கூரை ஃபேன் போட்டும் உள்ளே வேகிறது, ஏசியும் குளிரவில்லை. இதையெல்லாம் நானே சரிசெய்ய முடியுமா? ஏர்கூலர் வைக்கலாமா?

பெரும்பாலான வேலையை நீங்களே செய்யலாம். கிருஷ்ணகிரியில் என் வேனுக்கு நான்தான் செய்கிறேன். ஏசியின் கேஸ் லைனைத் திறக்கும் வேலை மட்டும் மெக்கானிக்குடையது.

குளிரவில்லை என்றதும் கேஸ் அடிக்கச் சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஏசி கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகும் டீசல் இல்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் அடித்தால் அடுத்த கோடையில் மறுபடியும் அதே செலவு. அதற்கு முன்னால் தூசியைப் பாருங்கள். நம் பக்கம் கிரானைட் குவாரி லாரிகள் ஓடும் சாலைகளில் பறக்கும் மெல்லிய தூசி, ஏசியின் வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சரின் இடுக்குகளில் புகுந்து, மழையில் நனைந்து, காய்ந்து இறுகிவிடும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் போனால் கேஸ் முழுதாக இருந்தும் ஏசி திணறும்.

கண்டென்சர் முன்பக்கம் இருந்தாலும் கூரைமேல் இருந்தாலும் முறை ஒன்றுதான். எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள், அணைத்த வண்டியிலும் மின்விசிறி திடீரென்று சுற்றக்கூடும். மெத்தென்ற பிரஷால் தட்டிவிட்டு, சாதாரண ஹோஸ் தண்ணீரை முடிந்தவரை காற்று போகும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து விடுங்கள். வாட்டர் சர்வீஸ் கன் வேண்டவே வேண்டாம், அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். கையோடு உள்ளே இருக்கும் ஏசி ஃபில்டரையும் கழற்றித் தட்டுங்கள். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் நல்லது. வெளியே சொட்டாமல் உள்ளே கசிந்தால் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

கூரை ஃபேனுக்கு வருவோம். பலரும் ஃபேனைப் போட்டுவிட்டு ஜன்னலையெல்லாம் மூடிவிடுகிறார்கள். உள்ளே வர வழியில்லாமல் காற்று எப்படி வெளியே போகும்? ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலை மூடுங்கள். தூரத்தில், நிழல் விழும் பக்கத்து ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறங்கள். அங்கே ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்தால் உள்நோக்கி இழுக்க வேண்டும். இழுக்கவில்லையா? வலையையும் இறக்கைகளையும் துடையுங்கள். ஒரு இறக்கையில் மட்டும் அழுக்கு கனத்திருந்தால்கூட ஃபேன் அதிரும். மோட்டார் மேல் தண்ணீர் படக்கூடாது.

துடைத்தும் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். ஃபேன் ஓடும்போதே வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரைப் பேட்டரியிலும், பிறகு ஃபேன் டெர்மினலிலும் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் லைனில் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயர் மெலிசு, அல்லது ஜாயின்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது வயரை வண்டியின் பாடியோடு இணைக்கும் எர்த் போல்ட்டுக்கு அடியில் துருவோ பெயின்ட்டோ இருக்கிறது. எர்த் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினாலே பல ஃபேன்கள் பிழைத்துக்கொள்ளும்.

கோடை மழைக்கு முன் கூரைமேல் ஏறி ஃபேனைச் சுற்றியுள்ள சீலன்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடித்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். சாதாரண சிலிகானைப் பூசினால், பின்னால் அதன்மேல் எதுவும் ஒட்டாது.

ஏர்கூலர் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பங்குனி, சித்திரையின் வறண்ட வெயிலில் தர்மபுரி பக்கம் நன்றாகவே உதவும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் புழுக்கத்தைத்தான் கூட்டும். போர் தண்ணீரின் உப்பு பேடில் படியும், அடிக்கடி கழுவுங்கள்.

இதையெல்லாம்விட நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. ஏசிக்காக எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், நிறுத்திவைத்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அதற்கு வாசனை கிடையாது, மூக்கு எச்சரிக்காது. ஒகேனக்கல்லோ வத்தல்மலையோ, இரவு தங்குவதற்குமுன் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். தரையில் வயருக்காகப் போட்ட ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள்.