இடம் கிடைத்த பிறகு உதவி கேட்கலாமா?

தம்பி, "முதலில் அமெரிக்கக் கல்லூரியில் அட்மிஷன் வாங்கிவிட்டு அப்புறம் உதவித்தொகை கேட்கலாமா, ஃபாஃப்சா நிரப்பினால் போதுமா" என்று கேட்டிருக்கிறாய். அப்பா பள்ளி அலுவலகத்தில் கிளார்க், அம்மா வீட்டில் தையல், ஊரில் கொஞ்சம் நிலம் என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டு கேள்விக்கும் பதில், இல்லை.

ஃபாஃப்சா அமெரிக்க அரசுப் பணத்துக்கான படிவம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருகிறவனுக்கு அதில் ஒரு டாலர்கூடக் கிடையாது. உனக்கு முக்கியமாகக் கைகொடுக்கக்கூடியது கல்லூரியின் சொந்தப் பணம். அதனால், கட்டணத்தைப் பார்த்தாலே தலைசுற்றும் வசதியான தனியார் கல்லூரி கடைசியில் உனக்கு மலிவாக முடியலாம். மாநிலப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு இளங்கலை மாணவருக்குப் பெரும்பாலும் சிறு தள்ளுபடிதான்.

உதவி வேண்டுமா என்பதை விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், போடின் ஆகிய இடங்களில் "ஆம்" என்று போட்டாலும் தேர்வு பாதிக்காது. அவர்கள் கணக்கில் உன் தேவை எவ்வளவோ அவ்வளவும் தருவார்கள். ஆனால் அங்கே இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. மற்றக் கல்லூரிகளில் பெரும்பாலானவை நீ கேட்கும் தொகையையும் பார்த்துத்தான் முடிவு செய்யும். அதற்குப் பயந்து "வேண்டாம்" என்று போடாதே. சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவனுக்குப் பிறகு எந்த வருடமும் உதவி இல்லை என்று பல கல்லூரிகள் விதியே வைத்திருக்கின்றன. அதோடு, விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற தாளைக் கல்லூரி தருவதற்கு முன் முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதற்கு வங்கிச் சான்று கேட்பார்கள். அந்த இடத்தில் மாட்டிக்கொள்வாய்.

கென்டக்கியில் உள்ள பெரியா கல்லூரியையும் பட்டியலில் வை. அங்கே சேரும் எல்லா வெளிநாட்டு மாணவருக்கும் முதல் வருடச் செலவைக் கல்லூரியே ஏற்கிறது. பதிலுக்கு வாரம் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரி வேலை. இடங்கள் சொற்பம்.

அடுத்தது சிஎஸ்எஸ் புரொஃபைல். குடும்ப வருமானம், சொத்து விவரங்களைக் கேட்டுப் பல தனியார் கல்லூரிகள் நிரப்பச் சொல்லும் ஆன்லைன் படிவம் இது. முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. எட்டுக் கல்லூரி என்றால் 137 டாலர். கட்ட முடியாவிட்டால் ஒவ்வொரு கல்லூரியின் உதவி அலுவலகத்துக்கும் எழுதிக் கேள். சிலர் கட்டண விலக்கு தருவார்கள், சிலர் ஐஎஸ்எஃப்ஏஏ என்ற இலவசப் படிவத்தை ஏற்றுக்கொள்வார்கள். நிரப்பும்போது அதிகம் சறுக்குவது நாணயத்தில்தான். ரூபாயைத் தேர்ந்தெடுக்காமல் 6,50,000 என்று அடித்தால் அப்பா கோடீஸ்வரர் ஆகிவிடுவார்! மாதச் சம்பளத்தை வருட வருமானக் கட்டத்தில் போடுவது இதற்கு நேர் எதிரான தவறு. அப்பாவின் வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் ஃபார்ம் 16-ஐப் பார்த்ததும் கல்லூரிக்குத் தெரிந்துவிடும்.

அம்மாவின் தையல் வருமானத்துக்கு வருமான வரி ரிட்டர்ன் இல்லையென்றால் மறைக்காதே. தோராயமாக வருடத்துக்கு எவ்வளவு என்று அவரே கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வை. நிலம் கூட்டுப் பட்டாவில் இருந்தால் அப்பாவின் பங்குக்கு மட்டும் மதிப்புப் போடு. ஏன் விற்க முடியாது என்பதைப் படிவத்தின் சிறப்புச் சூழல் பகுதியில் நாலு வரியில் சொல். அங்கே இருப்பவருக்குப் பூர்வீகச் சொத்து, பங்காளி இதெல்லாம் தெரியாது. தமிழில் இருக்கும் தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

உதவிக் கடிதம் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதே. எது திருப்பித் தர வேண்டாத பணம், எது கடன், எது வேலைச் சம்பளம் என்று பிரித்துப் பார். வளாக வேலை பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது. உழைத்த பிறகுதான் சம்பளம் வரும் என்பதால் ஆகஸ்டில் வரும் முதல் பில்லுக்கு அது உதவாது. மருத்துவக் காப்பீடும் விமானச் செலவும் கணக்கில் இருக்கிறதா என்று எழுதிக் கேள். கல்விக் கட்டணத்துக்குப் போகும் உதவிக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்குத் தருவதில் 14 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். இந்திய மாணவருக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி நிலையான கழிவு உண்டு, அதாவது வருமானத்தில் ஒரு தொகைக்கு வரியே இல்லை. அடுத்த ஏப்ரல் 15-க்குள் 1040-என்ஆர் என்ற அமெரிக்க வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்தால் பிடித்ததில் பெரும்பகுதி, சில சமயம் முழுவதுமே, திரும்பி வரும்.