வாசகர் கேள்வி – பதில்: போத்தலுக்குள் ஒளிந்திருந்த ஈரம்

கனடாவில் 2018 ஒக்டோபர் 17 அன்று கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்தது முதல், ஒன்ராறியோவில் 19 வயது நிறைந்தவர்கள் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்க்கலாம். இலையுதிர்காலத்தில் அறுவடை முடிந்ததும் அதை எப்படிக் காப்பது என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: ஸ்காபரோவில் வீட்டுப் பின்வளவில் இரண்டு செடிகள் வளர்த்தேன். ஒக்டோபர் தொடக்கத்தில் வெட்டி, நிலவறையில் ஐந்து நாள் தொங்கவிட்டேன். பூக்கள் தொட்டால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்ததால் கண்ணாடிப் போத்தல்களில் இறுக்கி அடைத்தேன். மூன்றாம் நாள் திறந்தால் மூத்திர வாடை. பூக்களும் மெத்தென்று ஈரமாகிவிட்டன. மூடிய போத்தலுக்குள் தண்ணீர் எப்படி வந்தது?

பதில்: தண்ணீர் புதிதாக வரவில்லை, பூவுக்குள்ளேயே இருந்தது. புதிதாக வெட்டிய பூவின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். தொங்கவிட்ட முதல் நாட்களில் மேற்புறமும் சிற்றிலைகளும் விரைவில் காய்ந்து மொறுமொறுப்பாகின்றன; பூவின் நடுவிலும் காம்பிலும் உள்ள ஈரம் அப்படியே தங்கிவிடுகிறது. போத்தலை மூடியதும் அந்த ஈரம் நடுவிலிருந்து வெளிப்புறத்துக்குப் பரவிச் சமமாகிறது. வெளியேற வழியில்லாத ஈரத்தில், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகியதன் அடையாளமே நீங்கள் முகர்ந்த அம்மோனியா வாடை. நெல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க நம் ஊரில் உமியைத் தடவிப் பார்ப்பதில்லை; மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். இங்கேயும் பூவைத் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதைத் தாங்கும் மெல்லிய காம்பை வளைத்துப் பாருங்கள். நாரோடு வளைந்தால் இன்னும் காயவில்லை. ‘டக்’ என்று முறிந்தால் போத்தலுக்குத் தயார்.

இதற்கு ஏழு முதல் பதினான்கு நாட்கள் ஆகும். அறை இருட்டாக இருக்க வேண்டும். வெப்பநிலை 15 முதல் 21 பாகை செல்சியசுக்குள்ளும், காற்றின் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் நல்லது. மின்விசிறி அறையின் காற்றை அசைக்கலாம், ஆனால் பூவின் மீது நேராக வீசக் கூடாது. மிளகாயையும் வற்றலையும் வெயிலில் போட்டே பழகிய நமக்கு இங்கே கை தவறுவது இயல்பு. கஞ்சாவுக்கு வெயில் ஆகாது. ஒன்ராறியோ ஒக்டோபரில் இன்னொரு சங்கடமும் உண்டு. வீட்டுச் சூடாக்கியைப் போட்டவுடன் அறைக்காற்று ஒரே நாளில் வறண்டு, மேற்புறம் அவசரமாகக் காய்ந்து உள்ளே ஈரம் பூட்டப்பட்டுவிடும். உங்கள் ஐந்து நாள் அவசரத்துக்கும் அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

அதன் பிறகு வருவது, யாழ்ப்பாணத்தில் புகையிலை செய்தவர்கள் ‘பாடம் போடுதல்’ என்று சொல்லும் பதப்படுத்தும் வேலைக்கு ஒப்பானது. போத்தலில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், அழுத்தாமல் பூக்களைப் போட்டு, கடையில் சில டொலருக்குக் கிடைக்கும் சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே வைத்து மூடுங்கள். ஒரு நாள் கழித்து அது 58 முதல் 62 வரை காட்டினால் சரி. 65ஐத் தாண்டினால் பூக்களை வெளியே எடுத்துத் தட்டில் பரப்பி, சில மணி நேரம் ஆற விட்டு மீண்டும் அடைக்க வேண்டும். 70ஐ எட்டினால் பூஞ்சணத்துக்கு இடம் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். முதல் இரண்டு வாரம் நாள்தோறும் மூடியைத் திறந்து சில நிமிடம் காற்று மாற விடுங்கள்; பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். இந்த நாட்களில்தான் பச்சையமும் மிச்சச் சர்க்கரையும் மெல்லச் சிதைந்து, வைக்கோல் வாடை போய்ச் செடியின் சொந்த மணம் மேலே வருகிறது. நான்கு வாரத்தில் நல்ல பதம் வந்துவிடும். ஈரத்தைத் தானாகச் சமன்செய்யும் சிறு பொட்டலங்கள் விற்கிறார்கள். பதம் வந்த பின் வைத்துக்கொள்ள அவை உதவும். காயாத பூவைக் காயவைக்கும் வேலையை அவற்றிடம் ஒப்படைக்க வேண்டாம்.

இனி உங்கள் போத்தலுக்கு வருவோம். பெரிய பூக்களை நடுவில் பிளந்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே சாம்பல் நிறப் பஞ்சுபோலவோ, பழுப்பாகக் குழைந்தோ இருந்தால் அது சாம்பல் பூஞ்சணம். அந்தப் பகுதியை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத வித்துகள் போத்தல் முழுதும் பரவியிருக்கும். பற்றவைத்தால் நெருப்பில் செத்துவிடும் என்பதும் நம்பத்தக்க பேச்சல்ல. அஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சணம், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் நுரையீரலில் கடும் தொற்றை உண்டாக்க வல்லது. பூஞ்சணமே தென்படாவிட்டால் உடனே பரப்பி உலர்த்திப் பார்க்கலாம். ஆனாலும் அம்மோனியா வாடை போகாத பூவை நானாக இருந்தால் வைத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: சரியாகப் பதப்படுத்தினால் எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம்? உறைபெட்டியில் வைப்பது நல்லதா?

பதில்: கெட்டுப்போகாமல் இருப்பது வேறு, வீரியம் குறையாமல் இருப்பது வேறு. மிசிசிப்பிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட அளவீட்டின்படி, அறை வெப்பநிலையில் வைத்த கஞ்சாவின் மயக்கும் சத்தான டி.எச்.சி. முதல் ஆண்டில் ஏறத்தாழ 17 சதவீதமும், இரண்டாம் ஆண்டு முடிவில் 27 சதவீதமும், நான்காம் ஆண்டு முடிவில் 41 சதவீதமும் குறைந்திருந்தது. குறைந்ததில் ஒரு பங்கு சி.பி.என். என்ற வேறு சேர்மமாக மாறுகிறது. 1976இல் லண்டனில் நடந்த ஆய்வு, இந்த இழப்புக்கு முதற்காரணம் வெளிச்சமே என்று கண்டது. ஆகவே சமையலறை யன்னலோரம் அழகுக்கு அடுக்கிவைப்பதைக் கைவிட்டு, இருட்டான, குளிர்ச்சியான அலுமாரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிளாஸ்டிக் பையைவிடக் கண்ணாடி நல்லது. ஒவ்வொரு போத்தலிலும் வெட்டிய தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டாம் ஆண்டில் எது எது என்று ஒருவருக்கும் நினைவிருக்காது.

குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். அடிக்கடி திறந்து மூடுவதால் ஈரம் ஏறி இறங்கும். உறைபெட்டியில், காற்றை உறிஞ்சி முத்திரையிட்ட பையில் வைத்தால் வீரியம் நெடுநாள் நிற்கும். ஆனால் பூவின் மேலுள்ள பிசின் சுரப்பிகள் குளிரில் கண்ணாடித் தூள்போல் உதிரும்; பையை அசைக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். நான்கு செடிக்காரருக்கு இத்தனை பாடு தேவையா என்பது என் ஐயம்.

கேள்வி: வீட்டில் ஐந்து வயதுப் பேரப்பிள்ளை இருக்கிறான். உயரமான தட்டில் வைத்தால் போதாதா?

பதில்: போதாது. கதிரை இருக்கும் வீட்டில் உயரம் என்று ஒன்று கிடையாது. பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். உலர்ந்த பூவைவிட, அதைச் சேர்த்துச் செய்த கேக்கும் வெண்ணெயும் குழந்தைக்கு மிக ஆபத்தானவை. வெப்பம் பட்ட பின்புதான் அதன் மயக்கும் சத்து முழுமையாக வெளிப்படுகிறது. குழந்தை விழுங்கியிருக்கலாம் என்று தோன்றினாலே 1-844-764-7669 என்ற நச்சு உதவி எண்ணை அழையுங்கள். தூங்கி விழுந்தாலோ மூச்சு மெதுவானாலோ 911.

கேள்வி: மதுரையில் இருக்கும் அப்பாவுக்கு மூட்டுவலி. நன்றாகப் பதப்படுத்திய பூவில் ஒரு சிறு டப்பா கொண்டுபோகலாமா?

பதில்: கூடவே கூடாது. மருத்துவரின் சீட்டு இருந்தாலும் கஞ்சாவுடன் கனடாவின் எல்லையைக் கடப்பது குற்றம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி பூவும் காயும் கொண்ட நுனியே கஞ்சா எனப்படுகிறது. நீங்கள் போத்தலில் வைத்திருப்பதும் அதுவேதான். அப்பாவின் வலிக்கு மதுரையிலேயே மருத்துவர் இருக்கிறார். டப்பா ஸ்காபரோ அலுமாரியிலேயே இருக்கட்டும்.