பாலர் பள்ளியில் பிள்ளையை நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மகனுக்கு நாலு வயது, மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறான், பாலர் பள்ளியில் நிறுத்திவிடச் சொல்கிறார்கள். அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்.

எப்போது கடிக்கிறான், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது என்று ஆசிரியையை ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். அப்பா அம்மா பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு)ப் போவதற்காக விடியுமுன் எழுப்பப்படும் பிள்ளைக்குப் பத்து மணிக்கே பசியும் தூக்கமும் வந்துவிடும். அந்த நேரத்தில்தான் கடிக்கிறானா? அப்படியென்றால் கொஞ்சம் முன்னாடியே ரொட்டியும் மைலோவும் கொடுக்கலாம். பொம்மையைப் பிடுங்காமல் ‘எனக்கும் தா’ என்று கேட்கப் பழக்கலாம். வீட்டில் தமிழ், வகுப்பில் மலாய் என்றால், சொல்ல வார்த்தை வராமலேயே கடிக்கும் பிள்ளைகள் உண்டு. அப்புறம், அரசாங்க கிளினிக்கில் காதையும் பேச்சையும் கட்டாயம் சோதித்துவிடுங்கள்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பள்ளிகளில் பிள்ளைகளை வெளியேற்றும் விகிதம் மேல்வகுப்புகளைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். ஆசிரியருக்கு உதவ மனநல ஆலோசகர் வந்துபோன வகுப்புகளில் அது குறைவு. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: ஆசிரியைக்கும் உதவி வேண்டும்.

பள்ளியிடம் ஒரு மாதத் தவணை கேளுங்கள். கடித்தவுடன் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள்; கடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று அவன் கற்றுக்கொள்வான்.