அண்ணனிடம் எந்த மொழியில் பேசுவது?

வணக்கம்.

மதங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் கருணை, பொது அறம் என்றுதான் முடிக்கிறீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. என் அண்ணன் பக்தியுள்ளவர். பல வருஷங்களுக்கு முன் வேற்று மதத்து நண்பர் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று இரவு தூங்காமல் கூடவே இருந்தார். அதே மனிதர் இன்று, 'இது நம் நாடு, அவர்கள் அடங்கி இருக்கட்டும்' என்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் எதையாவது அனுப்புகிறார். 'எல்லா மதமும் அன்பைத்தானே சொல்கிறது' என்றேன். சிரித்துவிட்டு, 'அதை அவர்களிடம் போய்ச் சொல்' என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. வெறுப்பைத் திட்டம் போட்டு வளர்ப்பவர்களிடம் கருணை பேசுவது கையாலாகாத்தனம் இல்லையா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அண்ணன் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. 'எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது' என்பதைச் சொல்ல யாருக்கும் எந்தச் செலவும் இல்லை. பகையை மூட்ட வந்தவர்கூட மேடையில் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். நானும் சில கட்டுரைகளை அந்த வாக்கியத்தில் கொண்டுபோய் முடித்திருக்கிறேன். சோம்பேறித்தனம்தான்.

பக்தி ஒரு மனிதனிடம் நிறையக் கேட்கும். பொய் சொல்லாதே, அடுத்தவன் பொருளைத் தொடாதே, பசித்து வந்தவனுக்குச் சோறு போடு என்று ஓயாமல் நச்சரிக்கும். மத தேசியம் இது எதையும் கேட்காது. நீ இந்தக் கூட்டத்தில் பிறந்தவன், அது போதும் என்று சொல்லிவிடும். அப்புறம் கோபப்படுவது மட்டுமே கடமை. மதத்திலிருந்து வேலியை மட்டும் பிடுங்கி எடுத்துக்கொண்டு உள்ளே இருந்த பயிரை விட்டுவிட்டுப் போகிறார்கள். உங்கள் அண்ணனிடம் வேலியைப் பற்றி வாதாடினால் தோற்பீர்கள். பயிரைப் பற்றிப் பேச முடியுமா என்பதுதான் கேள்வி.

பேயர்ஸ் நவுடே என்று ஒரு பாதிரியார் இருந்தார். தென்னாப்பிரிக்க வெள்ளையர். அங்கே நிறவெறி ஆட்சிக்கு வேதநூலிலிருந்து ஆதாரம் எடுத்துக் கொடுத்தது டச்சு சீர்திருத்தத் திருச்சபை. பைபிளில் வரும் பாபேல் கோபுரத்தில் கடவுளே மனிதர்களைப் பிரித்துவிட்டார், நாம் ஏன் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நவுடே அந்தச் சபையின் செல்லப் பிள்ளை. ஆப்ரிக்கானர் எனப்படும் டச்சு வழி வந்த வெள்ளையரின் தேசியத்துக்கான ரகசிய அமைப்பான புரூடர்பாண்டை உருவாக்கியவர்களில் ஒருவர் அவருடைய அப்பா. இவரும் 1940இல் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் அதில் இருந்தார்.

அவரை யாரும் வாதாடி மாற்றவில்லை. கறுப்பின மக்களிடையே ஊழியம் செய்த இளம் பாதிரியார்கள் தாங்கள் பார்த்ததை அவரிடம் வந்து சொன்னார்கள். அவரால் நம்ப முடியவில்லை. நேரில் போய்ப் பார்த்தார். 1960இல் ஷார்ப்வில் என்ற ஊரில் போராடிய கறுப்பின மக்களைப் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தபோது, அவருக்குள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது விழுந்துவிட்டது. 1963இல் பிரசங்க மேடையை விட்டு இறங்கினார். அதற்கு முன் தன் சபையாரிடம் அவர் எடுத்துப் பேசிய வசனம், 'மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்' என்பது. அவர்கள் சிறுவயதிலிருந்து மனப்பாடம் செய்த வசனம். வெளியிலிருந்து ஒரு வார்த்தைகூட அவர் கடன் வாங்கவில்லை. 'துரோகி' என்றார்கள். 1977 முதல் ஏழு வருஷம் அரசு அவரைத் தடை உத்தரவில் வைத்தது. ஒரு நேரத்தில் ஒருவரைத் தவிர வேறு யாரையும் சந்திக்கக் கூடாது.

இதே திருச்சபையின் கதையில் இன்னொரு வருஷம் என்னை மிகவும் தொந்தரவு செய்வது: 1857. அதுவரை வெள்ளையரும் மற்றவரும் ஒன்றாக ஆராதிப்பதுதான் முறை. அந்த வருஷம் கேப் பகுதியின் சபை மாநாடு, ஒன்றாக இருப்பதே வேதத்துக்கு உகந்தது என்று முதலில் ஒப்புக்கொண்டது. அதே தீர்மானத்தில், 'சிலருடைய பலவீனத்தின் பொருட்டு' தனித்தனியாகக் கூடிக்கொள்ளலாம் என்றும் சொன்னது. அந்தப் பலவீனம் வேறொன்றுமில்லை, கறுப்பர் பக்கத்தில் உட்கார முடியாத வெள்ளையருடைய மனசுதான். அது தவறு என்று தெரிந்தே கொடுத்த சலுகை, நூறு வருஷத்துக்குள் கடவுளின் திட்டமாகிவிட்டது. குடும்பத்தில் சண்டை வேண்டாமே என்று நாம் பேசாமல் விடும் ஒவ்வொரு தடவையும் எனக்கு இந்த 1857 ஞாபகம் வரும்.

உங்கள் அண்ணன் எந்த மதம் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததும் நல்லதுதான். மியான்மரில் 2007இல் ராணுவ ஆட்சிக்கு எதிராகப் புத்த பிக்குகள் தெருவில் இறங்கியபோது 'மெத்தா சுத்தம்' என்ற பௌத்தப் போதனைப் பாடலை ஓதிக்கொண்டு நடந்தார்கள். ஒரு தாய் தன் ஒரே பிள்ளையை உயிரைக் கொடுத்துக் காப்பது போல எல்லா உயிர்களிடமும் அன்பை வளர்த்துக்கொள் என்கிற பாடல் அது. ஐந்தாறு வருஷம்தான். அதே நாட்டில், அதே காவி உடையில், சில பிக்குகள் முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்று பிரசாரம் செய்தார்கள். அந்தப் பாடலில் ஒரு எழுத்தும் மாறியிருக்கவில்லை. ஆகவே நூலில் நல்லது இருக்கிறது என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நம்பவில்லை. அதை அந்த மனிதரிடம் யார் திருப்பிக் கேட்கிறார்கள், கேட்பதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

காந்தி இதில் கறாரானவர். 1948 ஜனவரியில் டெல்லியில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது 13ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். நெருக்குதல் பெரும்பாலும் தன் சொந்த மதத்தார் மீது. 'அதை அவர்களிடம் போய்ச் சொல்' என்று அவரிடமும்தான் சொன்னார்கள். 18ஆம் தேதி தலைவர்கள் உறுதிமொழி கொடுத்த பிறகே முடித்தார். பன்னிரண்டு நாளில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கையாலாகாதவரைச் சுட யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

கருணை இருந்தால் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டைக் கொளுத்த வருகிறவனைப் போலீஸ்தான் நிறுத்த வேண்டும். கொளுத்தச் சொன்னவனை நீதிமன்றம் தண்டிக்க வேண்டும். உங்கள் அண்ணன் அந்த ரகம் இல்லை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் நம்பியிருப்பது அவரைப் போன்றவர்களின் தலையாட்டலைத்தான். அதனால் அவரை விட்டுவிட முடியாது.

சரி, என்ன செய்வது? வாட்ஸ்அப் குழுவில் பதில் போடாதீர்கள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் யாரும் மனசு மாற மாட்டார்கள். அவர் அனுப்பியது பொய் என்றால் தனியாக, ஒரே வரியில், 'இது பொய்' என்று சொல்லுங்கள். அவருடைய பயத்தைக் கேலி செய்யாதீர்கள். ஏதோ ஒரு பயம் இருக்கும், பெரும்பாலும் அதற்கும் அந்த மதத்தாருக்கும் சம்பந்தமே இருக்காது.

அப்புறம், உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மூன்று இரவுகள். அன்றைக்கு அவரை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்தது என்ன என்று அவரிடம் நீங்கள் கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன். அவரை மடக்குவதற்காகக் கேட்காதீர்கள், உடனே கண்டுபிடித்துவிடுவார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். அந்த நண்பர் இப்போது எங்கே இருக்கிறார், பேசுகிறார்களா என்றும் கேளுங்கள். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டாலும் பரவாயில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.