தாம் தக, தாம் தக – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

கொஞ்ச நாளா சபாட்டான், அயர்ன் மெய்டன்னு ரெண்டு பேண்டோட போர் பத்தின ஹெவி மெட்டல் ராக் பாட்டாவே கேட்டுட்டு இருக்கேன். லிரிக்ஸ் பெருசா கவனிக்கிறதில்ல, மியூசிக்தான். உடம்பு சிலிர்க்குது, எழுந்து ஓடணும் போல இருக்கு. அப்புறம் யோசிச்சா குற்ற உணர்ச்சியா இருக்கு, அத்தனை பேர் செத்ததுக்கு நான் தலையாட்டிட்டு இருக்கேனேன்னு. இதெல்லாம் போரைக் கொண்டாடுற பாட்டுன்னு நண்பன் ஒருத்தன் திட்டுறான். இதைக் கேட்டு வரலாறு கத்துக்க முடியுமா? எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கிறது?

*

தம்பி,

நீ எழுதின அந்த சிலிர்ப்புக்காகத்தான் உடனே பதில் எழுதுறேன், நானும் கொஞ்ச நாளா அதையேதான் யோசிச்சுட்டு இருக்கேன்.

நண்பன் சொல்றதை விடு. அடுத்தவன் பிள்ளையைச் சாக அனுப்பிட்டு தான் பத்திரமா இருந்துக்குற ஆளுங்களைத் திட்டி பிளாக் சபாத்ங்கிற பேண்ட் 1970லயே 'வார் பிக்ஸ்' பாடியாச்சு. அதுக்கு மேல அதுல பேச ஒண்ணும் இல்ல.

சிலிர்த்ததுக்கு எதுக்குடா குற்ற உணர்ச்சி? அயர்ன் மெய்டனோட 'தி ட்ரூப்பர்' (1983) எடுத்துக்கோ. அந்த பேண்டோட ஸ்டீவ் ஹாரிஸ் பேஸ் கிட்டார்ல, கம்பியை மீட்டுற பிக் இல்லாம விரலாலயே வாசிக்கிறார், ஒரு நீள அடி, ஒட்டினாப்புல ரெண்டு குட்டி அடி, தாம் தக தாம் தகன்னு. அது குதிரையோட ஓட்டம். பாட்டு சொல்றது 1854 அக்டோபர் 25, கிரிமியாவுல பாலக்லாவாங்கிற இடத்துல பிரிட்டிஷ் படை ரஷ்யாவோட மோதின சண்டை. மலை மேல நின்ன பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபுவுக்கு ரஷ்யாக்காரன் பீரங்கியை இழுத்துட்டுப் போறது தெரியுது, அதைத் தடுங்கன்னு சீட்டு எழுதி அனுப்புறார். கீழ இருக்கிற குதிரைப்படைத் தளபதி லூக்கனுக்கு அந்த பீரங்கியே கண்ணுக்குத் தெரியல, எந்த பீரங்கின்னு கேட்டா சீட்டு கொண்டு வந்த கேப்டன் நோலன் சும்மா கையை வீசிக் காட்டுறான், அவ்ளோதான், கிட்டத்தட்ட 670 குதிரை வீரர்கள் தப்பான பள்ளத்தாக்குக்குள்ள, மூணு பக்கமும் பீரங்கி இருக்கிற இடத்துக்குள்ள இறங்கிட்டாங்க. நூறு பேருக்கு மேல செத்தாங்க, முதல்ல விழுந்தவங்கள்ல நோலனும் ஒருத்தன். இப்போ சொல்லு, அந்தப் பசங்க குதிரையைத் தட்டி விட்டப்போ அவங்க உடம்பு எப்படி இருந்திருக்கும்? உனக்கு இருந்த மாதிரியேதான் இருந்திருக்கும். அறிவுள்ள ஆளுங்க எப்படி நேரா சாவுக்குள்ள போனாங்கன்னு தேதியும் எண்ணிக்கையும் சொல்லித் தராது. அந்த குதிரை ஓட்டத் தாளம் சொல்லித் தருது, அதுவும் மலை மேல நிக்கிற பிரபு பக்கத்துல இருந்து இல்ல, சேணத்து மேல இருந்து.

ஆனா லிரிக்ஸ் கவனிக்கிறதில்லன்னு எவ்ளோ சாதாரணமா எழுதியிருக்க பாரு, வெட்கப்பட வேண்டியது அதுக்குத்தான். பாட்டு முடியும்போது அந்த வீரன் யாருமில்லாம தனியா செத்துட்டு இருக்கான், நீ அப்பவும் தலையாட்டிட்டு இருந்திருக்க. ஒருத்தன் தன் சாவைச் சொல்லிட்டு இருக்கும்போது காது கொடுக்காம தாளத்தை மட்டும் எடுத்துக்கறது என்ன பழக்கம்? இனிமே அப்படிக் கேக்காத.

வேகத்தை கவனி, போருக்கு ஏத்த மாதிரி அது மாறும். அயர்ன் மெய்டனே 2003ல 'பாஷண்டேல்'னு பண்ணாங்க, எட்டு நிமிஷத்துக்கு மேல, மெதுவா தொடங்கி திடீர்னு வெடிச்சு மறுபடி அடங்குற பாட்டு. முதல் உலகப் போர்ல, பெல்ஜியத்துல, 1917 ஜூலை 31ல இருந்து நவம்பர் 10 வரைக்கும் நடந்த சண்டை அது. குண்டு போட்டுப் போட்டு வயல்ல தண்ணி வடியற வாய்க்கால் எல்லாம் நாசமாகி, மேல மழையும் பேஞ்சு, நடக்கப் போட்ட பலகையை விட்டு கால் வழுக்கினவன் சேத்துல மூழ்கியே செத்தான். பிரிட்டிஷ் பக்கம் சுமார் 8 கிலோமீட்டர் பிடிச்சாங்க. அடுத்த வருஷம் ஏப்ரல்ல அதையும் விட்டுட்டுப் பின்வாங்கினாங்க. அங்க எந்தக் குதிரை ஓடும், பாட்டு எப்படி ஒரே வேகத்துல ஓடும்?

மெட்டாலிகாவோட 'ஒன்' (1988) நான் ராத்திரி ஹெட்ஃபோன்ல லிரிக்ஸ் பேப்பரை மடியில வெச்சுட்டு கேட்டது. போர்ல கை கால் கண்ணு காது வாய் எல்லாம் போய் ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கிற ஒருத்தன். பாதிக்கு மேல டபுள் பேஸ் டிரம்மும் கிட்டாரும் சேர்ந்து மெஷின் கன் மாதிரி விட்டு விட்டு அடிக்கும், அங்க எனக்கு வயித்தைப் பிசைஞ்சுடுச்சு, ஹெட்ஃபோனைக் கழட்டி வெச்சுட்டேன். அன்னைக்கு சிலிர்ப்பும் இருந்துச்சு, பயமும் இருந்துச்சு, ரெண்டும் சேர்ந்து வந்தாத்தான் ஒழுங்கா கேட்டிருக்கோம்னு அர்த்தம்.

நீ இப்ப ஒண்ணே ஒண்ணு பண்ணு. உலகத்துலயே சத்தமா வாசிச்ச பேண்டுகள்ல ஒண்ணு மோட்டர்ஹெட், அவங்க 1991ல '1916'னு ஒரு பாட்டு போட்டாங்க. வழக்கமான அடிதடி எதுவும் கிடையாது, முக்கியமா செல்லோ, அதாவது பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம், கூட பாடகர் லெமியோட கரகரத்த குரல். வயசைக் கூட்டிச் சொல்லி பட்டாளத்துல சேர்ந்த பதினாறு வயசுப் பையன் பேசுறான். 1916 ஜூலை 1, பிரான்ஸ்ல சோம்ங்கிற இடத்துல ஒரே நாள்ல பிரிட்டிஷ் பக்கம் மட்டும் 19,000 பேருக்கு மேல செத்தாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு, லிரிக்ஸைத் திறந்து வெச்சுக்கிட்டு முழுசா கேளு. கேட்டுட்டு எழுது, ஆல்பம் வரிசையெல்லாம் அதுக்கப்புறம் பேசிக்கலாம்.