வராத அக்டோபரில் செலவு: ஷீட் சொல்லும் மீதியை நம்பி வீடு வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறோம், வாடகை 900 வெள்ளி (ரிங்கிட்). நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், கணவருக்கு பட்டர்வொர்த்தில் வேலை. பிடித்தமெல்லாம் போக இருவருக்கும் சேர்த்து மாதம் 6,850 வெள்ளி கைக்கு வருகிறது. ஜனவரியிலிருந்து வங்கிக் கணக்குப் பட்டியலையும் இ-வாலட் பட்டியலையும் கூகுள் ஷீட்ஸில் ஒட்டி வருகிறேன். ஜூன் வரை பார்த்தால் சராசரிச் செலவு மாதம் 4,380 என்று வருகிறது. அப்படியென்றால் மாதம் 2,470 மிஞ்ச வேண்டும். ஆனால் ஆறு மாதத்தில் வங்கியில் கூடியது மொத்தமே 4,200தான். சார்ட்டும் ஒரு மாதிரி இருக்கிறது. ஜனவரியும் மேயும் மட்டும் உயர்ந்து நிற்கின்றன. இது ஜூலை, ஆனால் இன்னும் வராத அக்டோபருக்குக்கூடச் செலவு காட்டுகிறது.

புக்கிட் மெர்தாஜாமில் 390,000 வெள்ளிக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம், 350,000 கடன் எடுக்க எண்ணம். இந்த மாதமே புக்கிங் பணம் கட்டச் சொல்லி ஏஜெண்ட் அவசரப்படுத்துகிறார். கையிருப்பு 15,000. கார் கடனில் இன்னும் 17 தவணை பாக்கி. கடன் 60,000, ஐந்து வருடம், வட்டி 3 சதவீதம், மாதம் 1,150 கட்டுகிறோம். கையிருப்போடு கொஞ்சம் புரட்டி அதை முதலில் அடைத்துவிடலாமா, வீட்டுக்குப் போகலாமா? பெயர்களை நீக்கிவிட்டு ஷீட்டின் நகலை அனுப்பியிருக்கிறேன். – ஒரு வாசகி, பிறை.

பதில்: வணக்கம் சகோதரி. புக்கிங் பணம் இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்பதற்கான பதில் உங்கள் ஷீட்டிலேயே இருக்கிறது, அதனால் அங்கிருந்தே வருகிறேன். ஃபார்முலாக்களை உச்சரிப்புப்படியே தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அக்டோபர். உங்கள் ஜனவரி மாதத்தைத் திறந்து பாருங்கள், அதில் ஆறு வாடகை இருக்கிறது. மே மாதத்தில் ஆறு கார் தவணை. வாடகையை நீங்கள் ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி கட்டுகிறீர்கள், காரை 5-ஆம் தேதி. நம் வங்கிகள் நாளை முன்னால் வைத்து 01/03 என்று எழுதுகின்றன, அதாவது மார்ச் 1. உங்கள் ஷீட் அமெரிக்க அமைப்பில் இருக்கிறது. அது மாதத்தை முதலில் படிக்கும், எனவே அதே 01/03 அதற்கு ஜனவரி 3. இப்படி எல்லா வாடகையும் ஜனவரியில் போய் விழுந்தது, எல்லா கார் தவணையும் மேயில் விழுந்தது. 10-ஆம் தேதிச் செலவெல்லாம் அக்டோபருக்குப் போய்விட்டது. 7 முதல் 12 வரையிலான தேதிகளில் செய்த எந்தச் செலவும் உங்கள் ஜனவரி–ஜூன் அட்டவணையில் இல்லை. ஜூலை முதல் டிசம்பர் வரை சிதறிக் கிடக்கிறது.

13-உம் அதற்கு மேற்பட்ட தேதிகளின் கதை இன்னும் மோசம். பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், ஷீட் அவற்றைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துவிட்டது. தேதி நெடுவரிசையைக் கண்ணால் பார்த்தாலே தெரியும்: தேதியாகப் புரிந்துகொண்டவை வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக நிற்பவை இடப்பக்கம். எழுத்தாக நிற்கும் தேதி எந்த மாதக் கூட்டலிலும் சேராது, பிழை என்று சிவப்பில் காட்டவும் காட்டாது. சம்பளம் வந்த முதல் வாரத்திலேயே பெரிய தொகைகளை எல்லாம் நீங்கள் கட்டி முடித்துவிடுவதால்தான் விட்டுப்போனது மாதம் 950 வெள்ளியோடு நின்றது. மாதக் கடைசியில் கட்டும் பழக்கம் உள்ளவராக இருந்திருந்தால் பாதிச் செலவு காணாமல் போயிருக்கும்.

இதைச் சரிசெய்ய நல்ல வழி, புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, எதையும் ஒட்டுவதற்கு முன்பே அமைப்புகளில் வட்டாரத்தை (லொகேல்) ஐக்கிய இராச்சியம் என்று மாற்றிவிட்டு, பட்டியலைத் திரும்ப இறக்குவது. அங்கேயும் நம்மைப் போல நாள்தான் முதலில் வரும். பழைய ஷீட்டில் வட்டாரத்தை மட்டும் மாற்றுவதில் பயனில்லை, ஏற்கெனவே திரும்பிப்போன தேதிகள் அப்படியேதான் இருக்கும். பழைய பட்டியல் கையில் இல்லை என்றால், பக்கத்தில் ஒரு நெடுவரிசை போட்டு இதை எழுதுங்கள்:

=இஃப்(இஸ்டெக்ஸ்ட்(ஏ2), டேட்(ரைட்(ஏ2,4), மிட்(ஏ2,4,2), லெஃப்ட்(ஏ2,2)), டேட்(இயர்(ஏ2), டே(ஏ2), மந்த்(ஏ2)))

எழுத்தாக நிற்பவற்றில் வருடம், மாதம், நாள் மூன்றையும் இது வெட்டி எடுத்துத் தேதியாக்குகிறது. தேதியாக நின்று மாறிப்போனவற்றில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி வைக்கிறது. உங்கள் பட்டியலில் நாளும் மாதமும் இரண்டிரண்டு இலக்கமாக, வருடம் நான்கு இலக்கமாக இருப்பதால் இது வேலை செய்யும்.

அடுத்தது இ-வாலட். வங்கியிலிருந்து வாலட்டுக்குப் பணம் ஏற்றியதை 'மாற்றல்' என்று குறித்துச் செலவில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள். பலர் இதைச் செய்வதில்லை, ஏற்றியதையும் எழுதி, அதில் செலவழித்ததையும் எழுதி இரண்டு முறை கணக்குப் பார்ப்பார்கள். நீங்கள் சரியாகச் செய்தும் பலன் தலைகீழாகிவிட்டது. வாலட் பட்டியலில் தொகைகள் கழித்தல் குறியும் ரிங்கிட்டைக் குறிக்கும் ஆர்எம் எழுத்தும் ஒட்டி வந்திருக்கின்றன, சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளியும் இருக்கிறது. எழுத்து கலந்துவிட்டால் ஷீட்டுக்கு அது எண் இல்லை. சம் ஃபார்முலா அதை மூச்சுவிடாமல் தாண்டிப் போய்விடும். ஆக, ஏற்றிய பணமும் கணக்கில் இல்லை, செலவழித்த பணமும் கணக்கில் இல்லை. பாலத்தின் டோல், பெட்ரோல், பசார் மாலாம், ஞாயிற்றுக்கிழமை நாசி கண்டார் என்று மாதம் 820 வெள்ளி இப்படி மறைந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க, தொகை நெடுவரிசைக்குக் கீழே கவுண்ட், கவுண்ட்ஏ இரண்டையும் போட்டுப் பாருங்கள். கவுண்ட் எண்களை மட்டும் எண்ணும், கவுண்ட்ஏ காலியாக இல்லாத எல்லாவற்றையும் எண்ணும். உங்கள் ஷீட்டில் ஒன்று 371, மற்றது 612. அந்த 241 வரிசைகளும் கூட்டலில் சேராதவை. மாற்றும் ஃபார்முலா இது:

=ஏபிஎஸ்(வேல்யூ(சப்ஸ்டிடியூட்(சப்ஸ்டிடியூட்(சப்ஸ்டிடியூட்(சி2,"ஆர்எம்",""),",",""),சார்(160),"")))

சப்ஸ்டிடியூட் மூன்று முறை வருவது ஆர்எம்மை எடுக்க, காற்புள்ளியை எடுக்க, அந்தத் தெரியாத இடைவெளியை எடுக்க. அந்த இடைவெளிக்குத்தான் சார்(160). இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தால் அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும், சாதாரண இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் போட்டால் போகாது. கழித்தல் குறியை நீக்கும் ஏபிஎஸ் எதற்கு என்றால், வங்கிப் பட்டியலில் செலவு கூட்டலாக இருக்கிறது, வாலட்டில் கழித்தலாக இருக்கிறது. அப்படியே கூட்டினால் வாலட் செலவு வங்கிச் செலவைக் குறைத்துக் காட்டும். வாலட்டுக்குத் திரும்பி வந்த பணம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் கையால் 'மாற்றல்' ஆக்கிவிடுங்கள்.

இரண்டு புதிய நெடுவரிசைகளும் தயார் என்றால் மாதக் கூட்டல் சுலபம். எச்2 கட்டத்தில் ஜனவரி 1 என்று தேதியாகவே எழுதுங்கள், 'ஜனவரி' என்று எழுத்தாக வேண்டாம். பிறகு பக்கத்தில் ஐ2 கட்டத்தில் சம்இஃப்ஸ் போட்டு மூன்று நிபந்தனை கொடுங்கள்: தேதி ">="&எச்2, தேதி "<"&இடேட்(எச்2,1), வகை "<>மாற்றல்". அடுத்த மாதத்தின் முதல் நாளுக்கு முன்பு வரை என்று சொல்லிவிட்டால் 28, 30, 31 என்று யோசிக்க வேண்டியதில்லை. வகைப் பெயர்களைக் கையால் தட்டாமல் தேர்வுப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 'டோல்' மூன்று விதமாக இருக்கிறது.

சார்ட்டைப் பற்றியும் கேட்டீர்கள். தேதியைத் திருத்தியதும் அக்டோபர் காலியாகிவிடும், ஆனால் வராத மாதங்களுக்குக் கோடு சரிந்து பூஜ்யத்தில் படுத்துக்கொள்ளும். செலவு குறைகிறது என்று கணவர் சந்தோஷப்பட்டுவிடப் போகிறார். சார்ட்டுக்கு என்று தனி நெடுவரிசை வைத்து, =இஃப்(எச்2>டுடே(), என்ஏ(), ஐ2) என்று போடுங்கள். என்ஏ என்றால் மதிப்பு இல்லை என்று பொருள், அது உள்ள மாதங்களைக் கோடு வரையாமல் விட்டுவிடும். அந்த நெடுவரிசையைக் கூட்டாதீர்கள், ஒரு என்ஏ இருந்தால் கூட்டல் முழுவதும் என்ஏ ஆகிவிடும். அப்புறம், பதினான்கு துண்டு போட்ட அந்த வட்டச் சார்ட்டை எடுத்துவிடுங்கள். மளிகையா மின்கட்டணமா எது பெரியது என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிய பட்டைகள் போதும்.

சரி, இப்போது பணம். 4,380-உடன் விட்டுப்போன 950-ஐயும் 820-ஐயும் சேர்த்தால் உண்மையான செலவு 6,150. மீதி 700. ஆறு மாதத்துக்கு 4,200. வங்கி சொன்னதும் அதுதான். ஷீட்டும் வங்கியும் ஒத்துப்போன பிறகுதான் வீட்டுக் கணக்கில் கை வைக்கலாம்.

வீட்டுத் தவணைக்கு பிஎம்டி ஃபார்முலா: =பிஎம்டி(4%/12, 35*12, -350000). 35 ஆண்டு என்பது நம் நாட்டில் வீட்டுக் கடனுக்கு உச்ச வரம்பு. 4 சதவீதம் நான் எடுத்துக்கொண்ட வட்டி, உங்கள் வங்கி சொல்வதை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். விடை மாதம் 1,550 வெள்ளி. வாடகை மிச்சமாகும், எனவே உங்களிடம் அதற்கு இருப்பது 700-உம் 900-உம் சேர்த்து 1,600. ஐம்பது வெள்ளிதான் மிஞ்சும். வீட்டு வரி, நில வரி, காப்புறுதி, பழுதுபார்ப்பு எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. பழைய ஷீட்டை நம்பியிருந்தால் இதே இடத்தில் 1,820 மிஞ்சுவதாகத் தெரிந்திருக்கும், நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

வட்டி ஏறினால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். 2022 மே முதல் 2023 மே வரையிலான ஒரே வருடத்தில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, ஓபிஆர் என்ற அடிப்படை வட்டி விகிதத்தை 1.75-இலிருந்து 3.00-க்கு உயர்த்தியது. மிதக்கும் வட்டிக் கடன் அதோடு சேர்ந்து ஏறும். அதே 1.25-ஐ உங்கள் 4-உடன் சேர்த்து 5.25 என்று பிஎம்டியில் போட்டால் தவணை 1,823. இன்றைய வரவுசெலவில் அதை உங்களால் கட்ட முடியாது.

கார் கடன் விஷயம். 3 சதவீதம் என்பது தட்டை வட்டி, கடன் குறையக் குறைய அது குறைவதில்லை. உண்மை வட்டியைப் பார்க்க =ரேட்(60,-1150,60000)*12 என்று போடுங்கள், 5.64 சதவீதம் வரும். உடனே அடைத்துவிடுவோம் என்று தோன்றும், ஆனால் இந்த முறையில் வட்டியில் பெரும் பகுதியை முதல் வருடங்களிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். 9,000 வெள்ளி மொத்த வட்டியில், கடைசி 17 தவணைகளுக்கு ரூல் ஆஃப் 78 கணக்குப்படி திரும்பக் கிடைப்பது 9,000-ஐ 1,830-ஆல் (1 முதல் 60 வரையிலான எண்களின் கூட்டல்) வகுத்து 153-ஆல் (1 முதல் 17 வரையிலான எண்களின் கூட்டல்) பெருக்கினால் வருவது, அதாவது 750 வெள்ளி சுமார். அதற்காக 18,800 வெள்ளியை ஒரே நேரத்தில் புரட்ட வேண்டும். 15,000 கையிருப்பைத் துடைத்துக் கடனும் வாங்கி அந்த 750-ஐப் பிடிக்கச் சொல்ல மாட்டேன். தவணையை அப்படியே கட்டி வாருங்கள், அடுத்த ஆண்டு டிசம்பரில் முடிந்துவிடும்.

முடிந்ததும் 1,150 விடுபடும், அப்போது வீட்டுக்கு என்று மாதம் 2,750 இருக்கும். வட்டி ஏறி 1,823 ஆனாலும் சமாளிக்கலாம். முன்பணக் கணக்கும் அப்படித்தான். 390,000-க்கும் 350,000-க்கும் இடையே 40,000 வேண்டும், இன்று இருப்பது 15,000. மாதம் 700 வீதம் 17 மாதம் சேர்த்தால் 11,900 கூடி 26,900 ஆகும். மீதிக்கு இருவரும் ஊழியர் சேமநிதியில் செஜாதெரா கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள், வீடு வாங்க அதிலிருந்து எடுக்க அனுமதி உண்டு. 2024 மே 11-இலிருந்து மாதச் சந்தாவில் 15 சதவீதம் அந்தக் கணக்குக்குப் போகிறது.

இடைப்பட்ட மாதங்களில் ஷீட்டை நிறுத்த வேண்டாம், தீபாவளி மாதமும் அதில் வந்தாக வேண்டும். ஜனவரி–ஜூன் சராசரியில் அது இல்லை என்பதால் அந்த 700-கூட எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. ஒவ்வொரு மாத முடிவிலும் கவுண்டும் கவுண்ட்ஏயும் ஒன்றா, ஷீட்டின் மீதியும் வங்கியில் கூடிய தொகையும் ஒன்றா என்று இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஏஜெண்டிடம் அடுத்த வருடக் கடைசியில் பேசுகிறோம் என்று சொல்லிவிடலாம்.