பழைய கார் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

கையில் 3.25 லட்சம் ரூபாய் இருக்கிறது. வீட்டில் நான்கு பேர். மாதம் 500 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். 2014 வேகன் ஆர், 2013 ஸ்விஃப்ட் டீசல், 2012 ஐ10 மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறோம். எதை எடுக்கலாம்?
– வாசகர், திண்டுக்கல்

முதலில் கையில் 2.75 லட்சம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மீதி ஐம்பதாயிரத்தைத் தொடாதீர்கள். டயர், பேட்டரி, ஒரு முழு சர்வீஸ், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என்று முதல் சில மாதங்களிலேயே அது கரைந்துவிடும்.

ஸ்விஃப்ட் டீசலை விட்டுவிடலாம். இன்ஜின் நல்ல இன்ஜின்தான், ஆனால் உங்கள் ஓட்டத்துக்கு அது வேண்டியதில்லை. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் என்று வையுங்கள். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16, டீசல் வண்டி 20 கொடுக்கிறது. பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று கணக்குப் போட்டால், ஆண்டுக்கு மிச்சம் 9,900 ரூபாய். இன்ஜெக்டர், டர்போ இரண்டில் ஒன்று மக்கர் செய்தாலே பல வருட மிச்சம் போய்விடும்.

ஐ10-இல் இரண்டு இன்ஜின் உண்டு. 1.2 கப்பா இன்ஜினில் டைமிங் செயின், 1.1 இன்ஜினில் டைமிங் பெல்ட் (இரண்டுமே வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பவை). பெல்ட்டைக் காலத்தில் மாற்றாமல் ஓடும்போது அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். 1.1 என்றால், பெல்ட் மாற்றியதற்கு பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். இன்னொன்று: 2012 வண்டிக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) 15 ஆண்டுதான், 2027-இல் எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் சேரும்.

மீதி இருப்பது வேகன் ஆர். ஒரு லிட்டர் பெட்ரோல், செயின் இன்ஜின், உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். பெரியவர்கள் ஏறி இறங்கவும் சுலபம். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் ஐ10-ஐ விட்டு, அடிபட்ட வேகன் ஆரை எடுக்கச் சொல்லவில்லை. மாடலைவிட அந்த ஒரு வண்டியின் நிலைதான் முக்கியம்.

மெக்கானிக்கைக் கூட்டிப்போக வசதியில்லை. நானே எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகி, தென்காசி

முடிவெடுக்கும் நாளில் மெக்கானிக் கட்டாயம் வேண்டும். வேண்டாத வண்டிகளைக் கழித்துக்கட்ட உங்கள் கண்ணே போதும்.

நீங்கள் போகும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகும் சிரமத்தை மறைக்க ஓட்டி வைத்திருக்கலாம். வேறொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் டேஷ்போர்டில் செக் இன்ஜின், ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகள் (அந்த வசதிகள் உள்ள வண்டி என்றால்) எரிய வேண்டும்; இன்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகு எல்லாம் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம். விளக்கையே யாரோ துண்டித்திருக்கலாம். இந்த ஒரு நிமிடச் சோதனையைப் பெரும்பாலானோர் செய்வதில்லை.

ஸ்டார்ட் செய்ததும் ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. நிற்காத வெள்ளைப் புகை, அதோடு கூலன்ட் மட்டம் குறைவு என்றால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜினின் மேல், கீழ்ப் பாகங்களுக்கு நடுவே உள்ள அடைப்பு) சந்தேகப்படுங்கள். ஆயில் மூடியின் அடிப்பக்கம் பால் கலந்த காபி நிறத்தில் பசையாக இருந்தாலும் அதே சந்தேகம்தான். கூலன்ட் டப்பாவில் துரு நிறத் தண்ணீர் இருந்தால், வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றியே காலம் ஓட்டியிருக்கிறார்கள். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது, காலி சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியர் போட்டு ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் போடுங்கள். ‘டிக் டிக்’ என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். பிரேக் போடும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க். ஏ.சி.யைப் போட்டு, நின்ற இடத்திலேயே பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள்; வெப்பமானி முள் ஏறக்கூடாது, காற்றும் குளிர்ச்சியாகவே வர வேண்டும்.

அடிபட்ட வண்டியைக் கதவிலோ பம்பரிலோ தேடாதீர்கள். அதெல்லாம் நகரத்தில் எல்லா வண்டியிலும் இருக்கும். பானட் கீல் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் உரிந்திருக்கிறதா, கதவு ரப்பர் பீடிங்கை இழுத்தால் உள்ளே கம்பெனி ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீராக இருக்கின்றனவா, ஸ்டெப்னிக்குக் கீழே தகடு நசுங்கி நிமிர்த்திய அடையாளம் உண்டா – இந்த மூன்றையும் பாருங்கள். பில்லரில் (கூரையைத் தாங்கும் தூண்) பழுதுபார்த்த வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

கிலோமீட்டர் எண்ணை நம்பாதீர்கள், டயரைப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம். 2015 வண்டி, மீட்டரில் 28,000, நான்கு டயரும் 2021-இல் செய்தவை என்றால், முதல் செட் ஏன் மாற்றப்பட்டது என்று கேளுங்கள். வயதாகி மாற்றியதாகவும் இருக்கலாம். ஆனால் கிளட்ச் பெடல் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருந்தால் விடை தெரிந்துவிட்டது.

சென்னை வண்டி ஒன்று மிக மலிவாக வருகிறது. வெள்ளத்தில் நின்றதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், வேலூர்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டை முனைவரை வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறையும் பூஞ்சையும் தங்கியிருக்கும், அதைக் கழுவ யாரும் மெனக்கெடுவதில்லை. சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்குக் கீழே உள்ள பஞ்சில் ஈரவாடை, ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பூப்பு ஆகியவற்றையும் தேடுங்கள்.

காகிதத்திலும் ஒரு தடயம் உண்டு. இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எட்டு வருடம் ஒரே ஓனரிடம் இருந்த வண்டிக்கு 2024 பாலிசியில் போனஸ் சைபர் என்றால், முந்தைய ஆண்டில் கிளெய்ம் வாங்கியிருக்கலாம், அல்லது பாலிசி விட்டுப்போயிருக்கலாம். எது என்று கேட்டே ஆக வேண்டும்.

டெல்லிப் பதிவு வண்டி இங்குள்ளதைவிட நிறையக் குறைவாகக் கிடைக்கிறதே?
– வாசகர், ஈரோடு

அங்கே 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்ததால்தான் அந்த விலை. இங்கே கொண்டுவர அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று, படிவம் 28) வேண்டும். பிறகு தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டி, புது எண் வாங்க வேண்டும். வரியையும் லாரி வாடகையையும் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள், வித்தியாசம் பாதியாகக்கூடக் குறையலாம். என்.ஓ.சி. கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விற்பவர் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார். பெயர் மாற்றத்தைப் பிறகு செய்துகொள்ளலாமா?
– வாசகர், நாகர்கோவில்

கூடாது. விபத்து நடந்தால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் அவருக்கும் ஆபத்து. உங்களுக்கும் சிக்கல்தான்: விற்ற 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்காவிட்டால், சொந்த வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். அவருடைய நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசப் பிரீமியத்தைக் கட்ட வேண்டும்.

ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், வங்கியின் என்.ஓ.சி.யும், அந்தக் குறிப்பை நீக்கும் படிவம் 35-ம் வாங்கிய பிறகே முழுப் பணம். அபராதம் பாக்கி உண்டா என்று இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும்.

இ20 பெட்ரோலை (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பழைய வண்டிக்கு ஊற்றலாமா?
– வாசகி, கும்பகோணம்

2023 ஏப்ரலுக்கு முந்தைய பெரும்பாலான வண்டிகள் இ20-க்காகவே வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஊற்றிய அன்றே எதுவும் ஆகாது. மைலேஜ் கொஞ்சம் குறையும். பல ஆண்டு பழைய ரப்பர் ஹோஸ், சீல் ஆகியவை சீக்கிரம் இறுகி விரிசல் விடலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியில்தான் தொல்லை அதிகம். ஒவ்வொரு சர்வீஸிலும் பெட்ரோல் ஹோஸைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கசிவோ விரிசலோ தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.